தோளில் இரண்டு தட்டு

அந்த மோட்டார் சைக்கிளுக்கு மகள் வைத்த பெயர் ஒட்டகம். போனில் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்: "அப்பா, இதுல ஏறணும்னா முதல்ல அதை உக்காரச் சொல்லணும்." டிரைவரான அப்பா சிரிக்கவில்லை. மலை, மணல், ஓடைத் தண்ணீர் எதற்கும் அஞ்சாத வண்டி இது, ரோடே இல்லாத இடத்தில்கூடப் போகும் என்று பொறுமையாக விளக்கினார். ரோடு இருக்கும்போது எதுக்கு ரோடு இல்லாத இடத்துக்குப் போகணும் என்று மகள் கேட்டாள். அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு வாசலுக்குப் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெருவில் இப்போதும் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மனைவிகூடக் கோபம் வரும்போது 'டிரைவர் சார்' என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, ஆவியில் சுத்தம் செய்து, துணியில் கட்டி அனுப்பும் பகுதியில் பொறுப்பாளர். கத்திரிக்கோல் அக்கா என்றால் அங்கே வாசல் காவலாளிக்கும் தெரியும்.

வண்டி வீட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவர் பழைய பேப்பரை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். முன்பு இங்கே இருந்த மேட்ரனம்மா துறைமுக ஊரில் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கருவிப் பகுதி முழுவதையும் இவள் கையில் கொடுக்கிறேன், வா என்கிறார். தங்க அறை தருவார்கள். மாதம் ஒருமுறை, முடிந்தால் இருமுறை வீட்டுக்கு வரலாம். டிரைவர் சுண்டுவிரல் நகத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "பாத்துக்கலாம்" என்றார். பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டார். அடுத்த வாரம் ஒட்டகம் வந்தது.

இதுதான் அவருடைய பதில் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் எட்டடி நீளத்தில், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, பின்னால் இன்னொரு பெட்டியும் வைத்து வாசலில் நிற்கிற பதிலை அவள் எப்படிப் படிப்பது? போகாதே என்கிறதா? நீ போனால் போ, எனக்குப் பொழுதுபோக இது இருக்கிறது என்கிறதா? அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் வாயால் போகாதே என்று சொன்னால் போக மாட்டாள். ஜாடை காட்டி, சுற்றி வளைத்து, அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கவும் மாட்டாள். கேட்டு வாங்கிய வார்த்தைகளோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடந்தது. இதையாவது அவராகத் தரட்டும்.

மேட்ரனம்மா கெடு வைத்துவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். அதை முந்தாநாள் அவள் சோறு போடும்போது சொன்னாள். டிரைவர் தட்டைப் பார்த்தபடியே, அப்படியானால் அன்றைக்கு வண்டியில் அணை வரைக்கும் போய்விட்டு வரலாம் என்றார். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றார். அவளுக்கு நெஞ்சில் ஏதோ லேசானது. மலைமேல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்லப்போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். இன்று காலையில் சவரம் செய்யும்போது அவர் கண்ணாடியைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். ஒத்திகை. அவள் சத்தம் காட்டாமல் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள்.

கிளம்பும் முன் பாடம் நடந்தது. புதுசாக வேலைக்கு வந்த கண்டக்டருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏறு. நல்லா உக்காரு. பையெல்லாம் சரி பண்ணிட்டு என் தோள்ல ரெண்டு தட்டு தட்டு. எடுத்துடுவேன். ஒரு தட்டு தட்டினா நிறுத்திடுவேன்."

"நான் உக்காந்துட்டேனான்னு நீங்க திரும்பிப் பாக்க மாட்டீங்களா?"

"டிரைவர் எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? பின்னால பாக்குறது கண்டக்டர் வேலை."

அது அவருடைய பெருமை. ஒரு மணி அடித்தால் நிற்பது, இரண்டு மணி அடித்தால் எடுப்பது. மணி அடிக்காமல் அவர் வண்டியை எடுத்ததில்லை, அடித்த பிறகு தாமதித்ததும் இல்லை. யார் ஏறினார், யார் இறங்கினார், யார் பின்னால் நின்று அழுதார் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. அவருடைய வண்டியில் ஒருவரும் விழுந்ததில்லை என்று டிப்போவில் பாராட்டுக்கூடச் சொன்னார்கள்.

ஏறுவது மதில் தாண்டுவதாகத்தான் இருந்தது. மிதியில் கால் வைத்து, அவர் தோளைப் பிடித்து எம்பி, இருக்கைக்கும் பின்பெட்டிக்கும் நடுவில் வலது காலைத் தூக்கிப் போட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சிவப்பு ஜாக்கெட் வாங்கியிருந்தார். முழங்கையில் பலகை வைத்துத் தைத்த மாதிரி விறைப்பாக இருந்தது. ஹெல்மெட் காதை அழுத்தியதில் உலகம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. போன் இருந்த அவள் கைப்பையைப் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி கிளம்பியது.

முதல் ஒரு மணி நேரம் திட்டு வாங்குவதில் போனது. வளைவு வரும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் சாய, அவள் மறுபக்கம் சாய்ந்தாள். கருவித் தட்டுகளை ஏந்தி நடந்த உடம்பு. எது சாய்ந்தாலும் தான் நேராக நிற்கப் பழகியது. டிரைவர் ஓரம் கட்டி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: வண்டி சாயும்போது கூடவே சாயணும், மூட்டை மாதிரி இரு, போதும்.

"எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கம்தானா நீ?" என்று முடித்தார்.

எல்லாத்துக்கும் என்ற சொல் அவளுக்குள் சுருக்கென்று தைத்தது. பதில் சொன்னாள். அது ஹெல்மெட்டைத் தாண்டி வெளியே போகவில்லை.

மலை தொடங்குவதற்கு முன்னால் கடைசிப் பெட்ரோல் பங்க். டாங்க் நிரம்ப வண்டியை நேராக நிறுத்த வேண்டும் என்பதால் அவளை இறங்கச் சொன்னார். அவர் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் போடுகிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பருத்த மனிதர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இது எவ்வளவு உயரம், என்ன வேகம் போகும், ஓட்டப் பழக எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டுத் தீர்த்தார். டிரைவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. டாங்கை மூடியாகிவிட்டது. அவள் மிதியில் இடது காலை வைத்து எம்பினாள். அப்போதுதான் ஹெல்மெட் வார் கழன்று தொங்கியது. மாட்டிக்கொண்டு ஏறலாம் என்று காலை எடுத்து மறுபடி தரையில் வைத்தாள். வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்தது. அதே நேரம் பெட்ரோல் போடுகிறவர், "ஜோரான வண்டி அண்ணே, பாத்துப் போங்க" என்று சொல்லி டிரைவரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒட்டகம் கிளம்பிவிட்டது.

ஓரமாகப் போய் நிறுத்தப்போகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் விளக்குப் போட்டுக் காட்டினார். கண்ணாடியில் பின்னால் வந்த லாரியைப் பார்த்தார், அதற்கு வழி விட்டார், ஒழுங்காக ரோட்டில் ஏறினார். இருக்கையில் அவளுடைய இடம் வெறுமையாக, வெயிலில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு போனது. ஹெல்மெட் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் நின்றாள்.

பெட்ரோல் போடுகிறவர் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். நான் சும்மாதான் தட்டினேன் அக்கா, சும்மாதான் தட்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய போனை வாங்கி அவள் கணவரின் எண்ணைப் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். அதுவும் அவருடைய பெருமைகளில் ஒன்று.

பங்க் ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "உக்காரும்மா. பொண்டாட்டி இல்லாம எவ்வளவு தூரம் போயிடப் போறாரு?" என்றார். முதல் வளைவிலேயே தெரிந்துவிடும் என்றார் பெட்ரோல் போடுகிறவர், பின்னால் கனம் இல்லாவிட்டால் வண்டி உடனே காட்டிக்கொடுக்கும். முதல் வளைவுக்குப் போய்த் திரும்பும் நேரம் கழிந்தது. அப்படியானால் பாலத்தில் தெரியும், அங்கே காற்று அடிக்கும், பிடிச்சுக்கோ என்று சொல்லத் திரும்புவார் இல்லையா? பாலத்துக்குப் போய்த் திரும்பும் நேரமும் கழிந்தது. அதற்குப் பிறகு அவர் கணக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டு வேறு வண்டிகளுக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டார். வருகிற வண்டிக்காரர்களிடம் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வதும், அவர்கள் கழுத்தை நீட்டித் தன்னைப் பார்ப்பதும் அவளுக்குத் தெரிந்தது. காசு கொடுக்காமல் வாங்கிய டீயைப் பாதியிலேயே கீழே வைத்தாள்.

வெயிலில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். கழற்றலாம் என்றே தோன்றவில்லை. அவளுடைய வேலையில், கட்டி முடித்த தட்டு ஒன்றில் ஒரு சின்னக் கத்திரி குறைந்தாலும் தூக்கும்போது கைக்குத் தெரிந்துவிடும். பிரித்துப் பார்க்கக்கூட வேண்டாம். கூட வேலை செய்கிற பெண்கள் இதை மந்திரம் என்பார்கள். மந்திரமும் இல்லை ஒன்றும் இல்லை. தினம் தூக்குகிற கனம், அவ்வளவுதான். இத்தனை வருஷம் கூட இருந்தவள் முழுசாக இல்லை என்பது அவருடைய முதுகுக்குத் தெரியவில்லை.

பிறகு பயமும் வந்தது. மலைப்பாதையில் அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? அந்தப் பயம்கூடக் கோபமாகத்தான் மாறியது. விட்டுவிட்டுப் போனது அவர், பயப்படுவது நானா?

வெயில் சாய ஆரம்பித்தபோது ஒட்டகம் வந்தது. எதிர்த் திசையிலிருந்து, நடந்து வருவதுபோல மெதுவாக. அவளைப் பார்த்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஸ்டாண்டைக்கூட இரண்டாவது முயற்சியில்தான் போட முடிந்தது. கால்சட்டையில் முழங்கால் வரை ஈர மண்.

"எதுக்கு இறங்கினே?" என்றுதான் ஆரம்பித்தார். "உன் போன் பெட்டிக்குள்ளயே அடிக்குது. வழியெல்லாம் பள்ளத்துல எட்டிப் பாத்துட்டே வரேன். ஒரு எடத்துல சிவப்பா துணி கெடந்துது. இறங்கிப் போய்ப் பாத்தேன்."

அவள் அந்த மண்ணைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவர் வேறெதுவும் பேசாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவள் நாற்காலியிலிருந்து எழுந்துகூட விட்டாள். ஆனால் பெட்ரோல் போடுகிறவர் ஓடிவந்து, தட்டியது தான்தான் என்று மன்னிப்புக் கேட்டார். விஷயம் புரிந்ததும் டிரைவருக்கு உயிர் வந்தது. அதானே பாத்தேன், தட்டு விழாம நான் எடுக்க மாட்டேனே என்றார். தப்பு தன்மேல் இல்லை என்று ஆனதும் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்து, நடந்ததை அங்கிருந்த எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. அணையில் நுழைவுச் சீட்டு இரண்டு கேட்டாராம். இன்னொருத்தர் எங்கே என்று சீட்டுக் கொடுக்கிறவன் கேட்டதற்கு, திரும்பாமலேயே கட்டைவிரலால் பின்னால் காட்டினாராம். அவன் எழுந்து நின்று எட்டிப் பார்த்து, பெட்டிக்குள்ளயா சார் என்றானாம்.

டீக்கடை அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெட்ரோல் போடுகிறவர் சிரிக்கவா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"மலையில அத்தனை வளைவு இருக்கே. அப்பவும் தெரியலையா?" என்று அவள் கேட்டாள்.

"அதுதான் வேடிக்கை. வண்டி அவ்வளவு அழகா வளைஞ்சுது. பரவாயில்லையே, பழகிட்டாளேன்னு நெனச்சேன். சத்தமா சொல்லவும் சொன்னேன், இன்னிக்கு நல்லா வளைஞ்சு குடுக்குறே நீன்னு."

டிரைவர் டீ டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டார். குரல் தாழ்ந்தது. சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அது மட்டும் இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மலை ஏற ஆரம்பிச்சதிலேருந்து மேல போற வரைக்கும். துறைமுக ஊரு விஷயம், வண்டி எதுக்கு வாங்கினேன்னு, எல்லாம். மனசுல இருந்ததைப் பூராவும் கொட்டிட்டேன். என்னிக்கும் அப்படிப் பேசினதில்ல நான்."

"என்ன சொன்னீங்க?"

"அதான், எல்லாம்."

"சொல்லுங்க. கேக்குறேன்."

டிரைவர் பெட்ரோல் போடுகிறவரைப் பார்த்தார். டீக்கடையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். காலையில் கண்ணாடியின் முன்னால் அசைந்த உதடு ஒருமுறை அசைந்து நின்றது.

"அதெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்ற விஷயமா?"

"நான் முதல் தடவையே கேக்கலையே."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

மேட்ரனம்மாவுக்குச் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று அவள் நினைவுபடுத்தினாள். அதைச் சொன்னதே தன் சபதத்தை மீறியதுதான். கொஞ்சம் பிடுங்கத்தான் செய்கிறாள். அவர் தலையை ஆட்டினார். அது முடிந்துபோன விஷயம் என்பதுபோல ஆட்டினார்.

"நான்தான் எல்லாத்தையும் சொன்னேனே. நீ ஒண்ணும் சொல்லல. சரி, நீ ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுட்டேன். எவ்வளவு நிம்மதியா இருந்துது தெரியுமா? மேல போய் வண்டியை நிறுத்தினப்போ கண்ணே கலங்கிடுச்சு எனக்கு."

"நான் அங்க இல்லவே இல்ல. நான் எப்படி ஒத்துக்கிட்டேன்?"

"நீ எப்பவும் அப்படித்தானே ஒத்துக்குவே" என்றார்.

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னார். அவருக்கே அந்த வாக்கியத்தில் தப்பு எதுவும் தெரியவில்லை. அதனால்தான் அவளால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேசிய பேச்சிலேயே நல்ல பேச்சு இன்று அந்த மலையில் நடந்திருக்கிறது. கண் கலங்கும் அளவுக்கு நடந்திருக்கிறது. அதற்கு அவள் தேவைப்படவில்லை. இல்லாமலிருந்தது வசதியாகக்கூட இருந்திருக்கிறது. வளைவில் எதிர்ப்பக்கம் சாய ஆள் இல்லை.

டிரைவர் எழுந்து போய் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மாட்டினார். நேராக ரோட்டைப் பார்த்தபடி, இரண்டு காலையும் ஊன்றி, தோளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

அவள் பின்பக்கமாகப் போய்ப் பெட்டியைத் தட்டி, சாவி கேட்டாள். அவர் கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தார். திறந்து கைப்பையை எடுத்தாள். பூட்டினாள். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஊருக்கு அடுத்த பஸ் எப்ப வரும்?"

"இப்ப வந்துடும். அணையிலேருந்து இறங்குற வண்டி" என்றார் டிரைவர். எத்தனையோ பேர் கேட்டு எத்தனையோ தடவை சொன்ன பதில் தானாக வந்தது. "இடது பக்கமா உக்காரு. வலது பக்கம் வீடு வரைக்கும் வெயில்." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஹெல்மெட்டோடு திரும்பினார். அன்று காலையிலிருந்து வண்டிமேல் இருந்தபடி அவர் அவளைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி மூடியிருந்ததால் முகம் தெரியவில்லை. அவளுடைய சின்ன உருவம்தான் அதில் தெரிந்தது.

"என்னத்துக்கு இதெல்லாம்? ஏறு" என்றார்.

பஸ் வந்து நின்றது. தன்னுடைய ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, டீக்கடை அம்மாளிடம் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டு ஏறினாள். பெட்ரோல் போடுகிறவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இனி யாரையும் தட்டுவதில்லை என்பதுபோல இருந்தது அந்த நிற்பு.

கூட்டம் இல்லை. இடது பக்க இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. அவள் வலது பக்கம் போய் வெயிலில் உட்கார்ந்தாள். போனை எடுத்து மேட்ரனம்மாவுக்குப் போட்டாள். திங்கட்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள். மேட்ரனம்மாவுக்குச் சந்தோஷம். அறையை இன்றைக்கே சுத்தம் செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு, வயதில் மூத்தவர் என்பதால், கேட்க வேண்டியதையும் கேட்டார்.

"வீட்டுக்காரர்கிட்டக் கேட்டியா? அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்ப சரின்னுதான் அர்த்தம்" என்றார் மேட்ரனம்மா.

அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. போனைப் பைக்குள் வைத்தாள். ஜாக்கெட் ஜிப்பை அப்போதுதான் இறக்கினாள். உள்ளே சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

முதல் நிறுத்தத்தில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஏறியது. அவர்கள் ஏறுவதைப் பார்க்கத் திரும்பியபோது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒட்டகம் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ரோடே இல்லாத இடத்தில்கூடப் போகும் என்று அவர் சொன்ன வண்டி. முந்தவில்லை. முன்விளக்கு பகலிலும் எரிந்தது. மண் அப்பிய இரண்டு காலையும் ஊன்றி, பின் இருக்கையில் அவளுடைய ஹெல்மெட்டைக் கயிறு போட்டுக் கட்டி, காத்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் இரண்டு மணி அடித்தார். பஸ் நகர்ந்தது. பின்னால் அதுவும் நகர்ந்தது.